கிழிந்த ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு

கை ஈரமாக இருக்கும்போது நான் எதையும் வெறும் விரலால் தொடுவதில்லை, மேடம். நீங்கள் கொடுத்த தண்ணீர் டம்ளரைக் கைக்குட்டையால் பிடித்தது அதனால்தான். வாசலில் நிற்கிற உங்கள் கான்ஸ்டபிள் நினைப்பதுபோல, ரேகை பதியக்கூடாது என்பதற்காக அல்ல. ரேகையை மறைக்க நினைக்கிறவன் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று ஏன் உங்கள் எதிரில் உட்காரப் போகிறான்? இது தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

சேகரிப்புக் கார்டுகளுக்கு விலை சொல்வது என் வேலை. சின்ன வயதில் நீங்களும் பாக்கெட் வாங்கிப் பிரித்திருப்பீர்கள். உள்ளே பறவை, பூதம், கடல் மிருகம் என்று பளபளக்கிற படங்கள் இருக்கும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள், மாற்றிக்கொள்வார்கள், அதற்காக அடித்துக்கொள்வார்கள். வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் தொலைத்த அதே படத்தைத் தேடி ஊர் ஊராக அலைவார்கள். எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

கடை என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் பணம் போட்டார், நான் கண்ணைப் போட்டேன். அதற்கு முன்னால் நான் எந்த வேலையிலும் நிலைத்தவன் இல்லை. மனைவி வீட்டில் எனக்குச் சாப்பாடு போடும்போது மட்டும் கரண்டிச் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும். இந்த வேலைக்கு வந்த பிறகு அது நின்றுபோனது. வெளியூரிலிருந்து ஆட்கள் கார்டைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, டாக்டரின் வாயைப் பார்ப்பதுபோல என் வாயைப் பார்ப்பார்கள். அது எப்படிப்பட்ட சுகம் என்று உங்களுக்கு நான் விளக்க முடியாது.

விலை பார்ப்பது என்றால் படத்தின் நாலு பக்க வெள்ளை ஓரமும் சமமாக இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, மேலே நகக்கீறல் உண்டா என்றெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது அசலா, போலியா என்று தெரிய வேண்டும். அசல் கார்டு ஒரே அட்டை அல்ல. இரண்டு தாளை ஒட்டி, நடுவில் ஒரு கறுப்புப் படலம் வைத்திருப்பார்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வராது. போலி அடிக்கிறவன் அதற்கெல்லாம் செலவழிக்க மாட்டான். அதனால் போலியைக் கிழித்தால் ஓரம் முழுக்க வெள்ளையாக இருக்கும். அசலைக் கிழித்தால் நடுவில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். அசலை யாராவது கிழிப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போலி என்று நான் சொல்லிவிட்டால், கொண்டுவந்தவர் சம்மதத்தோடு, எல்லார் முன்னாலும் அதைக் கிழித்து மேசை மேலிருக்கிற கண்ணாடி ஜாடியில் போட்டுவிடுவேன். அந்தப் போலி இன்னொருவன் தலையில் போய் விழக்கூடாது என்பதற்காக மச்சான் ஆரம்பித்தது. கடைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே அந்த ஜாடிதான். நான் கிழிக்கும்போது கடையே அமைதியாகிவிடும்.

ரொட்டிக்காரர் வந்தது கூட்டமான ஒரு விடுமுறை நாளில். இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருக்கிறவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரொட்டி சுற்றுகிற தாளில் சுற்றி ஒரு கார்டைக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இது என் பையன் சின்ன வயசுல வெச்சிருந்தது. இப்போ வெளியூர்ல வேலையா இருக்கான். விக்கச் சொல்லல, விலை மட்டும் கேட்டு வைக்கச் சொன்னான்."

பிரித்துப் பார்த்தேன். நெருப்புப் பறவை, முதல் அச்சு. அசலாக இருந்தால் என் இரண்டு வருடச் சம்பளம் தேறும். அதனாலேயே சந்தேகம் வந்தது. அந்தப் பறவைக்குத்தான் போலி அதிகம், எங்கள் ஜாடியில் பாதி அதுதான்.

அன்று காலைதான் மச்சான் பழையதைவிடப் பிரகாசமான ஒரு புது டார்ச் வாங்கி வந்திருந்தார். புது டார்ச் என்றால் முதலில் அதை ஏதாவது ஒரு சாதாரண அசல் கார்டில் அடித்து, அது எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் அரிச்சுவடி அது. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, புதிதாக வேலைக்கு வந்தவன்போல ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. கார்டின் பின்னால் டார்ச்சை வைத்தேன். மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் இந்தப் பக்கம் கசிந்தது.

"போலி" என்றேன்.

"அப்படியா... நல்லாப் பாத்தீங்களா தம்பி?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் பின்னால் யாரோ சிரித்தார்கள். "கிழிச்சே காட்டிடவாண்ணே?" என்றேன். "உங்களுக்குத் தெரியாததா, செய்யுங்க" என்றார். சம்மதம் கேட்டுத்தான் செய்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிழித்தேன். கோடு ஓடியது.

கறுப்பாக, சுத்தமாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஓடியது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, அது கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். கை தன்பாட்டுக்கு இரண்டு துண்டையும் ஜாடிக்குக் கொண்டுபோனது. ரொட்டிக்காரர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். "அதை என்கிட்ட குடுத்துடுங்க தம்பி. பையன்கிட்ட காட்டணும்ல" என்றார். எல்லார் முன்னாலும் எப்படி மாட்டேன் என்பது? கொடுத்துவிட்டேன். மறுபடியும் ரொட்டித் தாளில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீங்கள் தினமும் பயந்தவர்களைப் பார்க்கிறீர்கள், இருந்தாலும் இந்தப் பயம் வேறு மாதிரி. எங்கள் கடை மாடியில் இருக்கிறது. மரப்படியில் யார் ஏறினாலும் அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்கும். அந்தத் துண்டை விஷயம் தெரிந்த ஒரே ஒருவன் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், என் கதை முடிந்தது. விலை தப்பாகச் சொன்னவனைக்கூட இந்தத் தொழிலில் மன்னிப்பார்கள். அசலைக் கிழித்தவன் கையில் அப்புறம் யாரும் கார்டைக் கொடுக்க மாட்டார்கள். நான் பழையபடி கரண்டிச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. வியர்த்த கையால் கார்டைத் தொட்டால் தடம் விழும். கையுறை போட்டுக்கொண்டேன். மச்சான் சிரித்தார்.

"என்ன மாப்ள, ஆபரேஷனா பண்ணப் போறீங்க?"

"புதுப் பழக்கம் மச்சான். சுத்தமா இருக்கும்ல."

வீட்டில் மனைவி, "ஏங்க, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லியிருந்தால் அவள் அண்ணனிடம் சொல்லியிருப்பாள். சொல்ல மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ரொட்டிக்காரர் திரும்ப வந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் சூடான பன் ஒரு பை. முகம் வாடியிருந்தது.

"பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான் தம்பி. எடுத்தாலும், 'வித்துத் தின்னுட்டு கதை விடாதீங்கப்பா'ங்கிறான். தப்பு என்மேலயும் இருக்கு. அவன் ஸ்கூல் படிக்கிறப்போ கையில காசில்லாம அவன் சைக்கிளை வித்துட்டு, திருடு போச்சுன்னு சொல்லிட்டேன். பின்னாடி கண்டுபிடிச்சுட்டான். இப்போ நான் எதைச் சொன்னாலும் அந்தச் சைக்கிள்தான் அவனுக்கு ஞாபகம் வருது. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான் தம்பி."

"நான் என்ன பண்ணணும் சொல்லுங்கண்ணே."

"கிழிஞ்ச ஓரத்தைக் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றான். உள்ள கறுப்பா கோடு இருந்தா அசலாம், இல்லன்னா போலியாம். நான் எடுத்தா ஒரே மங்கலா வருது. என் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியல. உங்ககிட்டதான் பெரிய லென்ஸ் வெச்ச கேமரா இருக்கே."

பையன் விஷயம் தெரிந்தவன். "துண்டைக் குடுத்துட்டுப் போங்க, நானே எடுத்து அனுப்பிடறேன்" என்றேன். கையை விட்டு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று பையன் சொல்லியிருக்கிறானாம். "அதை வெச்சிருக்கிறது பேக்கரியில. நீங்க ஒரு நடை வந்துடுங்களேன்" என்றார். வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவர் ஒரு தடவைகூட கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் பன் கொண்டுவந்தார். மச்சான் சாப்பிட்டார், நான் தொடவில்லை.

பிறகு ஒரு வழி தோன்றியது. ஜாடியைக் கொட்டி, அதே நெருப்புப் பறவையின் போலி ஒன்றைத் தேடி எடுத்தேன். கிழித்த ஓரம் பால் வெள்ளை. அதை லென்ஸ் வைத்து என் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பேக்கரிக்குப் போக வேண்டியது, அவர் துண்டைப் படம் எடுப்பதுபோல எடுக்க வேண்டியது, பையனுக்கு இந்தப் படத்தை அனுப்ப வேண்டியது. பையனுக்கு அப்பா மேல் நம்பிக்கை வரும், என் பெயரும் பிழைக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் அங்கே போனது இந்த எண்ணத்தோடுதான், வேறு எதற்கும் அல்ல.

பேக்கரிக்கு அன்று வார விடுமுறை. மத்தியான வெயிலில் தெருவே அரைத் தூக்கத்தில் இருந்தது. பக்கத்துக் கடை சாவிக்காரர் மட்டும் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். ரொட்டிக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி என்னை உள்ளே கூப்பிட்டார். அடுப்புகள் அணைந்து, நீள மேசை துடைத்து வைத்திருந்தது. தராசுக்குப் பக்கத்தில் அவர் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் குளிர் அறை. பிசைந்த மாவை உறைய வைக்கிற அறை. கனமான கதவைத் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மாவு மூட்டையைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"சூடு படாத இடத்துல பத்திரமா வைங்கப்பான்னு சொன்னான். இதைவிட நல்ல இடம் எது தம்பி?"

குளிரிலிருந்து வெளியே எடுத்தால் கார்டில் ஈரம் கோத்து அட்டை வளைந்துபோகும், அப்படி வைக்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவருக்குச் சொன்னேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துண்டுகளை மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பளபளவென்று புதுக் கண்ணாடி. "போட்டோ சரியா வரலன்னு சொன்னான்ல. கண்ணுதான் காரணம்னு போய் மாத்திட்டேன்" என்றார். அவர் கண்ணாடி மாற்றப் போகாமல் இருந்திருந்தால், மேடம், நீங்களும் நானும் சந்தித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு துண்டை விளக்குக்குக் கீழே பிடித்தார். "தம்பி... இதோ நடுவுல கறுப்பா ஒண்ணு ஓடுதே. இதைத்தான் சொல்றானோ?"

"அழுக்குண்ணே அது."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டை எடுத்தார். "இதுலயும் ஓடுதே."

குளிர் அறையின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கே தெரியுமா தம்பி?"

நான் துண்டுகளை மேசையில் நேராக அடுக்கினேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மொதல்ல. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு உங்களுக்கு" என்று தண்ணீர் கொடுத்தார். "போனது போச்சு தம்பி, அட்டைதானே. நான் சைக்கிளை வித்தப்போ வித்தது பெரிசாப் போகல, மறைச்சதுதான் பெரிசாப் போச்சு. நாம ரெண்டு பேரும் சேந்தே அவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிடுவோம். அப்பா விக்கலன்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டான், நான் பாத்துக்கறேன்."

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் வினையாகப் போயிற்று. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பொய் சொல்கிறீர்கள் என்றிருப்பேன், ஏதாவது வழி கிடைத்திருக்கும். மன்னிக்கிற ஆளிடம் என்ன செய்வது? அவர் என்னை மன்னித்தார் என்றால் நடந்தது உண்மை என்றாகிவிடும். பையன் நாலு பேரிடம் சொல்வான். அந்த நாலு பேரும் எங்கள் கடைப் படியில் ஏறுகிறவர்கள்.

"நாளைக்கு வேண்டிய மாவுத் தட்டு ரெண்டை மட்டும் வெளிய எடுத்து வெச்சிட்டு வந்துடறேன், அப்புறம் பேசுவோம் அவன்கிட்ட" என்று குளிர் அறைக்குள் போனார். போகும்போது திரும்பி, "மூட்டையை நகத்திடாதீங்க தம்பி, உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. மாட்டினேன்னா நானும் ஐஸ்தான்" என்று சிரித்தார்.

மூட்டை கனமாக இல்லை, பாதிதான் மாவு இருந்தது. கதவை நான் சாத்தவில்லை. அது தானாகச் சாத்திக்கொள்கிற கதவு.

முதலில் அவர் பயப்படவே இல்லை. "தம்பி, கதவு சாத்திக்கிச்சு பாருங்க, திறங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, "மேல தூக்கினாப்ல இழுங்க தம்பி, கொஞ்சம் இறுகும்" என்று சொல்லிக்கொடுத்தார். தடித்த கதவு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "தம்பி, நான் யார்கிட்டயும் சொல்லல. பையன்கிட்டகூட சொல்லல. திறந்துடுங்க தம்பி" என்றார். அந்தக் குரல் வேறு ஆளுடையதுபோல இருந்தது. அதற்குப் பிறகு தட்ட ஆரம்பித்தார்.

நான் முக்காலியை விட்டு எழவில்லை. எனக்கு அவ்வளவு பயம். அவருக்கு என்னைவிடப் பயம் அதிகமாக இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. திறந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் திறந்தபிறகு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு நிமிடமும் திறப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. திரையில் 'மகன்' என்று வந்தது. நின்று, மறுபடியும் அடித்தது. பக்கத்தில் சாவிக்காரர் ராவுவதை நிறுத்திவிட்டார். எட்டிப் பார்க்க வந்துவிடுவாரோ என்று பயந்து எடுத்துவிட்டேன். நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது அந்த அழைப்பை வைத்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

"யாருங்க? அப்பா இல்லையா?"

"நான் கார்டு கடையிலேர்ந்து பேசறேன் தம்பி. போட்டோ எடுக்க வந்தேன். அப்பா உள்ள வேலையா இருக்காரு. நான் அனுப்பறேன், பாருங்க."

அவன் நம்பரைக் கேட்டு வாங்கி, என் போனிலிருந்து அந்த வெள்ளை ஓரப் படத்தை அனுப்பினேன். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போலிதான் சார். அப்பா சொன்னது நிஜந்தான். நான் அவரை என்னென்னமோ பேசிட்டேன் சார். போனை அவர்கிட்ட குடுங்களேன்."

"கை வேலையா இருக்காரு. நான் சொல்லிடறேன்."

"அது என்ன சார் சத்தம்?"

"தட்டு அடுக்கறாரு."

"வெள்ளிக்கிழமை கிளம்பி வரேன்னு சொல்லுங்க சார். சைக்கிள் கதையை இனிமே எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, கதவருகே போனேன். அதன் ரப்பர் விளிம்பில் வாயை வைத்து ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். உங்க பையன் நம்பிட்டான் அண்ணே, வெள்ளிக்கிழமை வரான், சைக்கிளைப் பத்தி இனிமே பேச மாட்டானாம் என்று சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தானே. தட்டுவது நின்றது. மறுபடியும் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் துண்டுகளை எடுத்துக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வந்தேன். சாவிக்காரர் தலையசைத்தார், நானும் அசைத்தேன்.

என் மேசை இழுப்பறையில் அந்தத் துண்டுகளை நீங்கள் எடுத்தபோது, இதை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். அசல் கார்டை எரிக்க எனக்கு மனம் வராது, மேடம். நல்ல உறையில் போட்டுத்தான் வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் அதை வெறும் கையால் எடுத்தார்கள்.

நான்தான் செய்தேன். மூட்டையை நகர்த்தியது நான், திறக்காமல் இருந்தது நான், கையெழுத்துப் போடுகிறேன். பையனிடம் மட்டும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள். பாவம், இப்போதுதான் அவனுக்கு அப்பா மேல் நம்பிக்கை வந்திருக்கிறது. இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். அவருடைய இரண்டு கைமுட்டியும் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, இருட்டும் வரைக்கும் தட்டியிருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அது தப்பு. பையன் நம்பிவிட்டான் என்று நான் சொன்னதும் அவர் நிம்மதியாகி நிறுத்திவிட்டார், நான் காதை வைத்துக் கேட்டேன். அந்தக் காயமெல்லாம் அதற்கு முன்னாலேயே பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.